வெள்ளைக்கார அம்மாவின் தேத்தண்ணி

இரண்டாம் உலக யுத்த காலத்தில் திருகோணமலைத் துறைமுகத்தடியில் கடற்படை மாலுமிகளுக்கென்று ஒரு தேநீர்ச்சாலை நடந்தது. அதன் குசினியில் நான் அடுப்படி வேலை செய்தேன். அங்கே தொண்டு செய்வதற்கென்றே இங்கிலாந்திலிருந்து கப்பலேறி வந்திருந்தார் ஒரு வெள்ளைக்கார அம்மா. நெடிய, மெலிந்த உருவம். வெயிலில் தோலுரிந்த மூக்கு.

தேத்தண்ணியைத் தன் கையால்தான் போடுவார். கேத்தலில் தேயிலையைக் கொட்டிவிட்டு, வாசலில் நிற்கும் மாலுமிகளோடு கதைக்கப் போய்விடுவார். அரைமணி கழித்து அவர் வரும்போது அது கசாயமாகியிருக்கும். அதனால் அவர் திரும்பி வருவதற்குச் சற்று முன் நான் அதைக் கொட்டிவிட்டுப் புதிதாகப் போட்டு வைப்பேன். மாலுமிகள் அவருடைய கைப்பக்குவத்தைப் புகழ்வார்கள். பெரிய அதிகாரி ஒருவர் வந்து அவருக்குப் பாராட்டுப் பத்திரமே கொடுத்தார்.

ஒருநாள் அவர் வழமையிலும் வேளைக்கே திரும்பிவிட்டார். நான் கேத்தலைக் கவிழ்த்தபடி நின்றேன். இன்றோடு வேலை போயிற்று என்று நினைத்தேன்.

"ஒவ்வொரு நாளும் இப்பிடித்தான் செய்யிறனீங்களோ?" எங்களிடம் பழகிய தமிழில் கேட்டார்.

"ஓம் அம்மா. மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

"முதல் கிழமையே கண்டனான்."

"பிறகேன் அம்மா நெடுக நீங்களே போடுறீங்கள்?"

அவர் மூக்கைத் தடவிக்கொண்டார்.

"இவ்வளவு தூரம் வந்திட்டுச் சும்மா கதிரையில இருக்க ஏலாதே."

மறுநாளும் தேயிலையைக் கொட்டிவிட்டு வாசலுக்குப் போனார். ஆனால் அன்றிலிருந்து, குசினிக்குள் திரும்பி வருமுன் வெளியே நின்று ஒருதரம் செருமுவார். அது எனக்காகவா, தனக்காகவா என்று இன்றும் எனக்குப் பிடிபடவில்லை.