குழலில் இருந்த சந்தனப் பொட்டு

சென்ற ஆண்டு ஒக்டோபர், ஆயுதபூசை நாள்: வெக்ஸ்போர்ட் பகுதியிலுள்ள தன் வீட்டில் தம்பி வேட்டைத் துவக்கைச் சாமிப்படத்தின் முன் கிடத்தி, குழலில் சந்தனப் பொட்டு வைத்தான். மறுநாள் காலை நெஞ்சுவலி. மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் காலமானான். துப்பாக்கி அனுமதிப்பத்திரம் எனக்கும் இருந்தபடியால் துவக்கு என் வீட்டு பேஸ்மென்ற் பெட்டகத்துக்கு வந்தது. இவ்வாண்டு செப்ரெம்பர், மழைநாள்: அவன் மகள் பெட்டகத்தைத் திறந்து பார்த்தாள்.

வடக்கே மான்வேட்டைக்குப் போய் நனைந்து திரும்பும் நாட்களில் தம்பி துவக்கைச் சூடான வீட்டுக்குள் உடனே கொண்டுவர மாட்டான். பூட்டிய கராஜில், உறையிலிருந்து எடுத்து, குளிர் தணியும்வரை வைப்பான். "குளிருக்க நிண்டது உள்ள வந்தா வேர்க்கும் அண்ணை. வேர்த்தா துரு," என்பான். பின்னர் துடைத்து, குழலுக்குள் துணி செலுத்தி, உள்ளும் புறமும் மெல்லிய எண்ணெய்ப் படலம் பூசுவான். ஈர உறைக்குள் அதை ஒருபோதும் திரும்ப வைத்ததில்லை. இரசாயனம் கற்பித்து ஓய்வுபெற்ற நான், நீராவி குளிர்ந்து நீராக ஒடுங்கும் விதத்தை அருகிருந்து விளக்கினால், "உங்கட விளக்கத்தால துவக்குக் காயாது, அந்தத் துணியைத் தாங்கோ," என்பான். பூசைக்கு மறுநாள் பொட்டைத் துடைத்து எண்ணெய் இடுவதும் அவன் வழக்கம். அந்த மறுநாள்தான் அவனுக்கு வாய்க்கவில்லை.

நான் துடைக்கவில்லை. ஈரச் சந்தனம் உருக்கில் கிடந்தால் என்ன நிகழும் என்பது நான் அறியாததன்று. ஆயினும் அதில் அவனுடைய விரல்ரேகை காய்ந்திருந்தது. மற்ற இடமெல்லாம் எண்ணெய் பூசி, பொட்டைத் தொடாமல் சுற்றிப் போனேன். கோடையில் பேஸ்மென்ற் சுவர் கசிந்தபோதும் அவ்வாறே செய்தேன்.

"பெரியப்பா, உந்தப் பொட்டைச் சுத்தித் துரு வந்திட்டுது. அப்பா கண்டிருந்தா உங்களை விட்டிருக்கமாட்டார்," என்றாள் மகள். துவக்கைத் திருப்பிப் பார்த்தபடி, "நவம்பர்ல இதை நான் வேட்டைக்குக் கொண்டுபோகோணும். துடைக்கட்டோ? நீங்கள் ஓமெண்டா மட்டும்தான்."

அந்த ஓமைச் சொல்ல எனக்கு ஒரு கோப்பைத் தேநீர் ஆறும் நேரம் பிடித்தது.

அவள் எண்ணெயில் ஊறவிட்டு, மெல்லிய உருக்குப் பஞ்சால் அழுத்தாமல் தேய்த்து, துணியால் துடைத்தாள். துணியில் முதலில் மஞ்சள் இறங்கியது, பிறகு செம்மை. உருக்கை அரித்திருக்குமோ என்று விளக்கைப் பிடித்தபடி நின்றேன். நகத்தளவு இடத்தில் கருநீல மெருகு போயிருந்தது. தடவிப் பார்த்தேன், குழி இல்லை.

"மேலாலதான் பெரியப்பா. தப்பியிட்டுது."

துணியைக் குப்பையில் போட்டாள். நான் எடுக்கவில்லை.

எண்ணெய் பூசிக்கொண்டே சொன்னாள்: "நீங்களும் வாங்கோ. சுட வேண்டாம். தேத்தண்ணி ஊத்த ஒராள் வேணும்."

இன்னும் செய்யாதவை:
பெட்டகத்தில் ஈரம் உறிஞ்சும் பொதிகளை மாற்றுதல்.
மழைநீர் புகாமல் குழல்வாயில் ஒட்ட நாடா வாங்குதல்.
துவக்கை அவள் பெயருக்கு மாற்ற விண்ணப்பித்தல்.
என் அளவில் ஒரு சோடி மழைச்சப்பாத்து.