வாய்க்குள் பஞ்சு இருந்தவருக்குச் சுவிசேஷம் சொன்னது

பல் டொக்டரிடம் வேலை செய்பவருக்கு ஒரு வசதி உண்டு. முன்னால் படுத்திருப்பவர் எழுந்து போகவும் மாட்டார், எதிர்த்துப் பேசவும் மாட்டார். பேர்லின் நொய்கெல்னில் பல் வைத்திய உதவியாளராக அவுஸ்பில்டுங் என்கிற தொழிற்பயிற்சி தொடங்கிய புதிதில், இது ஆண்டவர் எனக்காகவே செய்துவைத்த ஏற்பாடு என்று மனதார நம்பினேன். வேலைக்குப் போகப்போகும் எங்கள் சபைத் தம்பி தங்கச்சிமார் இதை வாசித்துவிட்டுப் போவது நல்லது.

1. ஆள் வந்தார்

புரோபெட்சைட்டின் கடைசி வாரம் அது. அந்தச் சோதனைக் காலத்தில் ஒரு முறைப்பாடு வந்தாலே போதும், வீட்டுக்கு அனுப்பிவிடலாம். முறைப்பாடு வராமலிருக்க ஜெபித்திருக்க வேண்டியவள், யூ-பான் ரயிலில் கம்பியைப் பிடித்தபடி, "ஆண்டவரே, இண்டைக்கு உம்மைப் பற்றிச் சொல்ல ஒரு ஆளை அனுப்பும்" என்று ஜெபித்தேன்.

அனுப்பினார். சிவஞானம் அண்ணை. உணவகத்தில் சமையல், முருகன் கோயில் அன்னதானத்துக்கும் அவர்தான் சமையல். நெற்றி நிறையத் திருநீறு, கடைவாய்ப் பல்லில் பெரிய ஓட்டை.

"பிள்ளை தமிழோ? அப்பாடா! எனக்கு ஊசி எண்டால் பயம்."

"பயப்படாதேங்கோ அண்ணை. நொந்தால் இடது கையைத் தூக்குங்கோ. செஃபின் உடனே நிப்பாட்டுவா."

செஃபின் என்றது எங்கள் டொக்டர் அம்மாவை. அவருக்குத் தமிழ் தெரியாது. இதுவும் ஏற்பாடுதான் என்று நினைத்துக்கொண்டேன்.

2. கை எழுந்தது

ஊசி போட்டு, கன்னத்துக்குள் பஞ்சும் வைத்தாயிற்று. எச்சில் உறிஞ்சும் குழாயைப் பிடித்தபடி, தாலாட்டுகிற குரலில் ஆரம்பித்தேன்.

"அண்ணை, இயேசு உங்களை எவ்வளவு நேசிக்கிறார் தெரியுமோ?"

இடது கை எழுந்தது. செஃபின் ட்ரில்லை நிறுத்தி இன்னொரு ஊசி போட்டார். நான் பாவமன்னிப்புக்கு வந்தேன். மறுபடியும் கை. மறுபடியும் ஊசி. "உன் குரல் அவருக்கு ஆறுதல்போல, நிறுத்தாதே" என்று செஃபின் டொய்ச்சில், அதாவது ஜேர்மன் மொழியில், சொன்னார். எனக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? அண்ணை கண்வெட்டாமல் என்னையே பார்த்தார். பரிசுத்த ஆவியானவர் கிரியை செய்கிறார் என்றே நினைத்தேன்.

3. மொழிபெயர்ப்பு

பஞ்சை எடுத்ததும் அண்ணை துள்ளி எழுந்தார். கோணிய வாயால் தமிழில் வெடித்தார்.

"எனக்கு ஒரு நோவுமில்லை! இவவின்ரை வாயை நிப்பாட்டத்தான் கையைத் தூக்கினனான். அதுக்கு இந்த மனுசி குத்திக் குத்தி என்ரை மூக்கையும் விறைக்கப் பண்ணிப்போட்டா!"

செஃபின் என் பக்கம் திரும்பினார். "என்ன சொல்கிறார்?"

'நன்றி சொல்கிறார்' என்றால் என் வேலை தப்பும். அந்தச் சொல் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஆனால் இவ்வளவு நேரம் சத்தியத்தைப் பற்றிப் பேசிய அதே நாக்கு அல்லவா? எல்லாவற்றையும் அப்படியே மொழிபெயர்த்தேன். மூக்கையும் விடவில்லை.

செஃபின் முகமூடியைக் கழற்றினார். முறைப்பாடு தருகிறாரா என்று அவரிடம் கேட்கச் சொன்னார். அதையும் நானே கேட்க வேண்டியிருந்தது.

அண்ணை வாயோரத்தைத் துடைத்தார். "எனக்கு டொய்ச் விளங்கும், பிள்ளை. வாய் விறைச்சதாலை அந்தப் பாஷையிலை கதைக்கத்தான் ஏலாது. நீ மாத்திச் சொல்லுவாய் எண்டு பாத்துக்கொண்டு இருந்தனான்."

"சொல்லத்தான் பாத்தனான், அண்ணை."

"ஓம், முழியிலை தெரிஞ்சுது. முறைப்பாடு ஒண்டும் இல்லை எண்டு சொல்லு. அடுத்த டெர்மினுக்கு வெள்ளன வாறன். வெளியிலை இருந்து கதைப்பம். எனக்கும் வாய் இருக்கவேணும்."

இனிமேல் சிகிச்சை நேரத்தில் வானிலையைப் பற்றிக்கூடப் பேசக்கூடாது என்று செஃபின் உத்தரவிட்டார். வேலை தப்பியது.

4. அண்ணையின் கேள்வி

அடுத்த முறை பல் காட்ட, சொன்னபடியே நேரத்தோடு வந்தார். முருகனைப் பற்றி மூச்சுவிடாமல் பேசினார். குறுக்கே பேசாமல் கேட்டேன்; அன்றைக்கு அவர் பட்ட பாடு அப்போதுதான் விளங்கியது. கடைசியில், "அண்டைக்கு ஏன் பொய் சொல்லேல்லை?" என்று கேட்டார்.

பாடமாக்கி வைத்திருந்ததையெல்லாம் விட்டுவிட்டு உள்ளதைச் சொன்னேன். "ஆண்டவர் பக்கத்திலை நிண்டு கேட்டுக்கொண்டிருக்கிறமாதிரிக் கிடந்தது, அண்ணை."

"ம்ம். இது விளங்குது," என்றார். "இன்னும் சொல்லு."

ஆளை ஆண்டவர் அனுப்புவார். கேள்வியையும் அவரே அனுப்புவார். அதுவரை நம் வேலை, குழாயை ஒழுங்காகப் பிடிப்பதுதான்.