செம்பு அண்டாவில் நெல்லிச்சாறு

அக்கா அழுததைவிட அவள் சொன்ன நிறம்தான் என்னைப் பயமுறுத்தியது. "ஏட்டி, ஒங்க அத்தான் வாந்தி எடுக்காவ. பச்சையும் நீலமுமா, மயில் கழுத்து மாதிரி வருது" என்றாள். ஆடி மாதத்து முற்பகல். தென்காசியில் நான் வேதியியல் நடத்தும் கல்லூரியின் ஆய்வகத்துக்கு வெளியே நின்று போனைக் காதில் அழுத்திக்கொண்டிருந்தேன். உள்ளே மாணவிகள் கரைத்து வைத்திருந்த மயில்துத்தம் என்ற செம்பு உப்பும் அதே நிறத்தில்தான் இருந்தது.

"நெல்லிச்சாற எதுலக்கா வச்சிருந்தாவ?"

"புதுசா வாங்குன செம்பு அண்டாலதான். நேத்து சாயங்காலமே பிழிஞ்சு ஊத்திட்டாவ. காலைல அவுகளும் அதத்தான் குடிச்சாவ."

"ஈயம் பூசுனதா?"

"இல்லட்டி. உள்ளயும் பளபளன்னு இருக்கணும்னு புளி போட்டுத் தேய்ச்சாவ."

அண்டாவைக் கவிழ்த்துவிடு, யாருக்கும் ஒரு சொட்டுக்கூடக் கொடுக்காதே என்று சொல்லிவிட்டுக் காரை எடுத்தேன்.

அத்தான் பட்டாளத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். ஊருக்கு வந்த பிறகு குற்றாலத்தில், ஐந்தருவிக்குப் போகும் சாலையில், சீசன் தோறும் நெல்லிச்சாறு கடை போட்டார். சாயப்பொடி கலக்க மாட்டார், ஐஸ் சேர்க்க மாட்டார். அருவியில் குளித்துவிட்டு நடுங்கிக்கொண்டு வருகிறவர்களிடம், "குடிச்சுப் பாருங்க, ஒடம்பு துருப்பிடிக்காது" என்று சிரித்தபடி தம்ளரை நீட்டுவார். யாருக்காவது நல்லது செய்துகொண்டே இருக்க வேண்டும் அவருக்கு. செம்புத் தண்ணீர் உடம்புக்கு நல்லது என்று கைப்பேசியில் யாரோ பேசியதைக் கேட்டிருக்கிறார். நெல்லியும் நல்லது, செம்பும் நல்லது, இரண்டும் சேர்ந்தால் இரட்டிப்பு நல்லது என்று கணக்குப் போட்டுவிட்டார்.

நான் போனபோது சாரல் அடர்த்தியாகப் பெய்துகொண்டிருந்தது. கடைக்குப் பின்னால் ஒரு வாளியைக் கட்டிப்பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். முகம் வெளிறியிருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று கையைப் பிடித்தேன். உதறினார்.

"காலைல மொதப் போணி ஒரு வேன்காரவுக. விருதுநகர் பக்கமாம். கேரளாக்குப் போறாவ. பெரியவுக ஒரு மடக்கோட நிறுத்திட்டாவ, பிள்ளைக முழுசாக் குடிச்சுது. அதுக்கப்புறம் வேற யாருக்கும் குடுக்கல."

"போன்ல சொல்லிப் பிடிச்சிரலாம் அத்தான்."

"யாருன்னு தெரியாது ட்டி. ஒரு பாட்டில் நெறைய ஊத்தி வேற குடுத்துவிட்டேன். மலைப்பாதைல பிள்ளைக்கு வயித்தப் பெரட்டுனா ஒரு மடக்குக் குடுங்கன்னு சொன்னேன்."

அந்தக் குழந்தைகளுக்கு இந்நேரம் வயிற்றைப் புரட்டத் தொடங்கியிருக்கும். புரட்டப் புரட்ட அதே சாற்றை மருந்தென்று நம்பிக் கொடுத்துக்கொண்டிருப்பார்கள்.

கேரள எல்லையிலுள்ள புளியறைச் சோதனைச்சாவடிக்கு வரச் சொல்லி அக்கா ஆம்புலன்சுக்குப் போன் செய்தாள். அத்தான் வாளியோடு காரில் ஏறினார். அந்த வேனை அடையாளம் காட்ட அவரைத் தவிர வேறு யாரும் இல்லை. செங்கோட்டையைத் தாண்டும் வரை வாளிக்குள் குனிந்திருந்தார். பிறகு கேட்டார்: "நெல்லிக்காய் எப்படி ட்டி வெசமாகும்?"

வண்டியை ஓட்டிக்கொண்டே சொன்னேன். நெல்லியில் இருக்கும் வைட்டமின் சி, உடம்புக்குள் தன்னிடம் உள்ள எலெக்ட்ரானைக் கொடுத்து மற்றவற்றைக் காப்பாற்றும். கொடுப்பதுதான் அதன் குணம். செம்பின் மேல் பட்டாலும் அது கொடுக்கத்தான் செய்யும். செம்பு அதை வாங்கி, தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனிடம் தள்ளிவிடும். அதிலிருந்து ஹைட்ரஜன் பெராக்சைடு பிறக்கும். அரிப்பைத் தடுக்க வேண்டியதே அரிக்கிற பொருளை உண்டாக்கிவிடும். போதாததற்குப் புளிப்பு செம்பையே கரைத்துச் சாற்றில் கலந்துவிடும். இப்போது வயிற்றைப் புரட்டுவது முக்கியமாக அந்தச் செம்புதான். வகுப்பில் எத்தனையோ முறை சொன்ன பாடம். அவர் கேட்டுவிட்டு, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

புளியறையில் சோதனைச்சாவடிக்கு வெகு முன்னாலேயே லாரிகள் வரிசைகட்டி நின்றன. காரை ஓரங்கட்டினேன். அத்தான் இறங்கி, லாரிகளின் இடுக்கில் மழையில் தடுமாறி நடந்தார். ஒரு புரோட்டாக் கடை வாசலில் திடீரென்று ஓடத் தொடங்கினார். அங்கே வெள்ளை வேன் ஒன்று நின்றது. கீழே ஒரு சிறுமி குத்தவைத்து வாந்தியெடுத்துக்கொண்டிருந்தாள். அவள் அம்மா ஒரு கையால் அவள் தலையைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் பாட்டிலைத் திறந்து அவள் வாயருகே கொண்டுபோனாள்.

அத்தான் அந்தப் பாட்டிலைத் தட்டிவிட்டார். அது உருண்டு சாக்கடையில் விழுந்தது. தன் மனைவியின் கையை யாரோ ஒருவன் தட்டுவதைத்தான் அந்தச் சிறுமியின் அப்பா பார்த்திருக்க வேண்டும். பாய்ந்து வந்து கன்னத்தில் அறைந்தார். அத்தான் நகரவில்லை.

"நான்தான் கடைக்காரன். காலைல நான் குடுத்த சாறுதான் இது. கெட்டுப்போச்சு. பிள்ளைகள மொதல்ல ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க. அப்புறம் எம்புட்டு வேணாலும் அடிங்க."

"என்னத்தக் கலந்து குடுத்த? சொல்லுய்யா!" அவர் அத்தானின் சட்டையைப் பிடித்து உலுக்கினார். நான் நடுவில் புகுந்து, செம்பு, விஷம், உடனே டாக்டர் என்று கத்தினேன். அதற்குள் ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டது. லாரிக்காரர்கள் இறங்கி வழிவிடச் செய்தார்கள். சிறுமியையும் அவள் தம்பியையும் ஏற்றினோம். அத்தானை என் காரின் பின்சீட்டில் படுக்கவைத்தேன்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மாவிடம் அண்டாவைப் பற்றி முழுக்கச் சொன்னேன். சாதாரண உணவு விஷம் என்று நினைத்துவிடக் கூடாதே என்ற பதற்றம் எனக்கு. அவர் உடனே புரிந்துகொண்டார். குளுக்கோஸ் ஏற்றினார்கள்; ஈரலும் சிறுநீரகமும் எப்படி இருக்கின்றன என்று இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். பையன் சீக்கிரமே எழுந்து உட்கார்ந்துவிட்டான். சிறுமிதான் துவண்டு கிடந்தாள். அவள் அப்பா வார்டுக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டே இருந்தார். எங்கள் கட்டிலைக் கடக்கும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அந்த சீசனில் கடை திறக்கவில்லை. உணவுப் பாதுகாப்பு அதிகாரி வந்தபோது அத்தான் எதையும் மறைக்கவில்லை. அடுத்த ஆண்டு கண்ணாடி ஜாடிகளோடு மறுபடி கடை போட்டார். அருந்துகிறவரிடம் உடம்புக்கு நல்லது என்று மட்டும் பிறகு ஒருநாளும் சொன்னதில்லை. போன வருஷம் மாரடைப்பில் போய்விட்டார். இப்போது குற்றாலத்துக் கடைத்தெருவில் செம்புப் பாட்டில்கள் சரம் சரமாகத் தொங்குகின்றன. தண்ணீர் மட்டும் ஊற்றுங்கள், புளிப்பு எதையும் ஊற்றாதீர்கள் என்று கடைக்காரர்களிடம் சொல்லிப் பார்க்கிறேன். சிலர் கேட்கிறார்கள்.

ஆனால் அத்தானை நினைத்தால் எனக்கு அந்த வார்டின் சாயங்காலம்தான் முதலில் வரும். சிறுமி கண் திறந்து இட்லி கேட்டாளாம். அதைச் சொல்லத்தான் அவள் அப்பா எங்கள் கட்டிலருகே வந்தார். அத்தான் எழுந்து நிற்கப் பார்த்தார். அதற்குள் குமட்டிவிட்டது. கீழே இருந்த பேசினை நான் எடுப்பதற்குள் சிறுமியின் அப்பா எடுத்து நீட்டிவிட்டார். அதில் விழுந்த பச்சை நிறத்தைப் பார்த்து அப்படியே நின்றார். தன் மகளிடம் வேனருகே பார்த்த அதே நிறம்.

"நீங்களுமா குடிச்சீக?"

"நல்லதுன்னு நெனச்சுத்தான் அண்ணாச்சி எல்லாருக்கும் குடுத்தேன்" என்றார் அத்தான்.

சிறுமியின் அப்பா ஒரு கையில் பேசினைப் பிடித்துக்கொண்டு, மறு உள்ளங்கையை அத்தானின் நெற்றியில் அழுத்தித் தாங்கினார். அறை வாங்கியபோது கலங்காத அத்தான் அப்போது அழுதார்.