மீன் வானுக்குள் ஒரு குசினி: கோப்பாயிலிருந்து மணற்காட்டுக்கு

இந்தப் பங்குனியில் ஒரு வெள்ளிக்கிழமை, பின்னேரம் இரண்டரைக்கு, யாழ்ப்பாணத்துக் கோப்பாயில் உள்ள எங்கள் வீட்டிலிருந்து நானும் என் கணவர் ரவியும் எங்கள் வான் வண்டியில் மணற்காட்டுக் கடற்கரைக்கு வெளிக்கிட்டோம். முழுத்தூரமும் நாற்பது கிலோமீற்றர்தான். இதை ஒரு பயணம் என்று எழுத வேண்டுமா என்று சிலர் கேட்கலாம். ஆறு வருடங்களாக நாங்கள் வீட்டுக்கு வெளியே ஓர் இரவுகூடத் தங்கியதில்லை. அதனால் எழுதுகிறேன். பழைய வான் ஒன்றை வாங்கி, உள்ளே படுக்கவும் சமைக்கவும் வசதி செய்ய நினைப்பவர்களுக்கும் இதில் சில விசயங்கள் உதவும்.

ரவி முன்பு வீடுகளுக்கு வயரிங் செய்தும் தண்ணீர்ப் பம்பு பூட்டியும் வந்தவர். ஒரு வீட்டில் தண்ணீர்த் தாங்கியின் மேலிருந்து விழுந்தார். அதன் பிறகு இடுப்புக்குக் கீழே அசைவில்லை. இப்போது வீட்டிலிருந்தபடி, எரிந்துபோன பம்பு மோட்டர்களுக்குப் புதிதாகக் கம்பி சுற்றிக் கொடுக்கிறார். கைவேலை பிசகாது. நான் பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பிக்கிறேன்.

விபத்துக்கு அடுத்த வருடம் ஒரு விடுதியில் அறை போட்டோம். போனில் கேட்டபோது சக்கர நாற்காலி தாராளமாகப் போகும் என்றார்கள். போய்ப் பார்த்தால் வாசலில் நாலு படி. குளியலறைக் கதவோ நாற்காலியை விட ஒடுக்கம். அங்கே வேலை செய்த மூன்று பேர் ஓடிவந்து இவரை நாற்காலியோடு தூக்கினார்கள். நல்ல மனிதர்கள். இவரும் சிரித்து நன்றி சொன்னார். ஆனால் அன்று இரவே வீடு திரும்பினோம். பிறகு எங்கேயாவது போவோம் என்று நான் தொடங்கினாலும் ஒரே பதில்தான்: "நீர் போயிட்டு வாரும், வாணி." நானும் கேட்பதை விட்டுவிட்டேன்.

போன வருடம் ஆடியில், போனில் யாரோ வெளிநாட்டுக்காரர் வானுக்குள் குடித்தனம் நடத்தும் வீடியோ ஒன்றை இவர் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் சாப்பாட்டு மேசையில் சொன்னார்: "இதுக்கு ஒருத்தரும் என்னைத் தூக்கத் தேவையில்லை. என்ரை வீடு என்னோடை வரும்." அடுத்த நாளே வான் தேடத் தொடங்கினேன்.

மொத்தம் நாலு வான் பார்த்தோம். ஒரு சின்னக் காந்தத்தை நூலில் கட்டி இவர் என்னிடம் தந்திருந்தார். கதவின் அடிப்பக்கம், சில்லுக்கு மேலே உள்ள வளைவு, கூரை ஓரம் எல்லாம் அதை வைத்துப் பார்க்க வேண்டும். ஒட்டாத இடத்தில் தகடு இல்லை, துருவை மறைத்துப் பட்டிப் பசை பூசியிருக்கிறார்கள் என்று அர்த்தம். நெல்லியடியில் பார்த்த பளபளப்பான வெள்ளை வானில் காந்தம் ஒட்டுவதற்கு இடம் தேட வேண்டியிருந்தது. விற்பவர் என்னை முறைத்தார். நான் நூலைச் சுருட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

நாலாவது வான் குருநகரில் இருந்தது. கூரை உயர்ந்த பழைய ஜப்பான் டீசல் வான். சொந்தக்காரர் அன்ரன் அண்ணை, ஐம்பத்தைந்து வயதிருக்கும். படகுகளுக்குப் பைபர், அதாவது கண்ணாடியிழை, பூசும் வேலை செய்பவர். விடியப்புறத்தில் அதே வானில் மருதனார்மடம் சந்தைக்கு மீன் ஏற்றியும் ஓடியிருக்கிறார். கதவைத் திறந்ததும் நான் இரண்டடி பின்னால் போனேன்.

"தங்கச்சி, பொய் சொல்ல மாட்டன். வான் ஓடும். மணம் மட்டுந்தான் இறங்காது," என்றார் அவர்.

ரவி நாற்காலியில் இருந்தபடி வாசலின் அகலத்தை அளந்தார். கையை நீட்டிக் கூரையின் கைபிடியைத் தொட்டுப் பார்த்தார். குளிர்ந்து கிடந்த என்ஜின் முதல் திருப்பிலேயே வேலை செய்தது. நிலத்தகடு ஐஸ் தண்ணீர் பட்டு இரண்டு இடத்தில் ஓட்டையாக இருந்தது. ஆனால் அடிச்சட்டத்தில் எல்லா இடமும் காந்தம் ஒட்டியது.

"மணத்தை நாங்கள் பாத்துக்கொள்ளுவம் அண்ணை," என்றார் இவர். இருபத்தொன்பது இலட்சத்துக்கு முடிந்தது.

மணத்தோடு மூன்று கிழமை, இருபத்தொரு நாள், மல்லுக்கட்டினோம். உள்ளே இருந்த பலகையும் ரப்பரும் முழுவதையும் கழற்றி எறிந்தோம். சவர்க்காரத் தூள், தேசிக்காய், வினாகிரி எல்லாம் தோற்றன. கடைசியில் கதவுகளைத் திறந்து வெயிலில் விட்டு, இரவில் உள்ளே சிரட்டைக் கரி வைத்து மூடினோம். மெல்ல மெல்ல இறங்கியது. துருத் தகட்டை வெட்டிப் புதிது ஒட்டுவது கராஜ் வேலை. அதன் மேல் நிலம் போடுவதற்கு அன்ரன் அண்ணை தானாகவே வந்தார். பிளைவூட் அடித்து, படகுக்குப் போடுவது போலப் பைபர் போட்டு, ஒரு மூட்டுக்கூட இல்லாமல் முடித்தார். இப்போது உள்ளே ஒரு வாளி தண்ணீரை ஊற்றினாலும் பின்கதவால் வழிந்து போய்விடும்.

குசினி மேடையின் உயரத்தை ரவி தன் முழங்கையை வைத்துத் தீர்மானித்தார். ஒற்றை அடுப்பு, ஐந்து கிலோ காஸ் சிலிண்டர், அறுபது லீற்றர் தண்ணீர்த் தாங்கி, திரைக்குப் பின்னால் கழற்றிக் கழுவும் சின்னக் கழிவறைக் கொமட். கட்டில் நாற்காலியின் அதே மட்டம், ஒரு பலகையைக் குறுக்கே வைத்தால் அவரே சறுக்கிப் போய்ப் படுத்துக்கொள்ளலாம். கூரையில் ஒரு சோலார் தகடு. வயரிங் முழுவதும் அவர்தான். எழும்பி நின்று செய்ய வேண்டிய இடங்களில் மட்டும் நான் வயரைப் பிடித்தேன்.

பெரிய வேலை, வானுக்குள் நாற்காலி ஏறுவது. சாய்தளம் வைத்தால் மிக நீளமாக வேண்டும். ஆகவே பக்கக் கதவில் இரண்டு இரும்புத் தண்டவாளம் செங்குத்தாகப் பூட்டி, அதில் ஏறி இறங்கும் ஒரு தட்டை இவரும் அன்ரன் அண்ணையும் செய்தார்கள். தட்டை இழுப்பதற்கு, படகைக் கரைக்கு இழுக்கும் வின்ச் ஒன்று அன்ரன் அண்ணையிடம் எரிந்துபோய்க் கிடந்தது. ரவி அதன் மோட்டருக்குப் புதுக் கம்பி சுற்றினார். கரண்ட் நின்றால் கையால் சுற்ற ஒரு பிடி வேண்டும். அதை எங்கே வைப்பது என்பதில்தான் இரண்டு பேருக்கும் இழுபறி.

"வெளியாலை வைப்பம் தம்பி. தங்கச்சி நிண்டு சுத்தும். லேசு."

"தங்கச்சி குளிக்கப் போயிருந்தால் நான் அந்தரத்திலை தொங்கிறதோ அண்ணை?"

அன்ரன் அண்ணை வாய்விட்டுச் சிரித்தார். பிடி, தட்டில் இருப்பவருக்குக் கைக்கெட்டும் இடத்தில் பூட்டப்பட்டது. முதலில் இரண்டு சீமெந்து மூடையை ஏற்றி இறக்கிப் பார்த்தோம். பிறகு ரவி ஏறினார். எங்கள் முற்றத்தில் அது பிசகில்லாமல் வேலை செய்தது.

இனிப் பயணம். நான்தான் ஓட்டினேன். நீர்வேலி, புத்தூர் தாண்டினால் வல்லைவெளி. இரண்டு பக்கமும் வெட்டை, தண்ணீர், மேலே வானம், மறிக்க ஒரு மரமில்லை. காற்று பக்கவாட்டில் அடித்தது. கூரை உயர்ந்த வான் என்றால் இங்கே முப்பதுக்கு மேல் போகாதீர்கள். கரண்டிகள் எல்லாம் ஒன்றாகச் சத்தம் போட்டன. ரவி பின்னால் இருந்து, "காத்து வானைப் பரிசோதிக்குது, நீர் பயப்பிடாமல் விடும்," என்றார். பாலத்தில் ஓரமாக நிறுத்தி ஜன்னலைத் திறந்தோம். தூரத்தில் நீர்க்காகங்கள் வரிசையாக இறக்கையை விரித்துக் காயவைத்துக்கொண்டிருந்தன. அந்த வெளியின் அழகைப் பேருந்தில் போகிறவர்கள் ஒரு நிமிடத்தில் தவறவிடுகிறார்கள். நாங்கள் அரை மணித்தியாலம் நின்றோம். எங்களுக்கு எங்கேயும் நேரத்துக்குப் போய்ச் சேர வேண்டிய தேவை இல்லை.

பருத்தித்துறையில் தட்டைவடை இரண்டு பைக்கற் வாங்கிக்கொண்டு, கடற்கரை வழியே தெற்கே திரும்பினோம். மணற்காட்டுக்கு இன்னும் பன்னிரண்டு கிலோமீற்றர். சவுக்கங்காடு தொடங்கும் இடத்தில், இறுகிய நிலமாகப் பார்த்து நிறுத்தினேன். பக்கத்தில் ஒரு வீடு. முற்றத்தில் கருவாடு காயவைத்துக்கொண்டிருந்த அம்மாவிடம், இரவு நிற்கலாமா என்று கேட்டேன். பெயர் மேரி. வானுக்குள் எட்டிப் பார்த்தார்.

"ஆண்டவரே, உள்ளுக்கை குசினியோ! நில்லுங்கோ பிள்ளை, ஆர் கேக்கப் போகினம்?"

ரவி தட்டில் நாற்காலியை ஏற்றிப் பூட்டைப் போட்டு, சுவிட்சை அழுத்தினார். தட்டு பாதி இறங்கியது. ஒரு சத்தம். நின்றுவிட்டது. காற்றில் வந்த மணல் தண்டவாளத்தில் அடைந்து, பியூசும் போய்விட்டது. இவர் நிலத்திலும் இல்லை, வானிலும் இல்லை.

மேரியக்கா பதறினார். "பொறுங்கோ தம்பி, கரையிலை பெடியள் நிக்கிறாங்கள். கூப்பிட்டால் தூக்கி இறக்கிப்போடுவாங்கள்."

எனக்கு அந்த விடுதி வாசல் கண்ணுக்குள் வந்தது. இவருடைய முகத்தைப் பார்க்கப் பயமாக இருந்தது.

"வேண்டாம் அக்கா. ஒருத்தரையும் கூப்பிடாதையுங்கோ," என்றார் ரவி. "வாணி, அந்தப் பிரஷை எடுத்துத் தாரும்."

கொடுத்தேன். குனிந்து எட்டிய அளவுக்கு மணலைத் தட்டினார். பிறகு வின்ச்சைக் கையால் சுற்றும் பிடியை விரித்துச் சுற்றத் தொடங்கினார். பத்துச் சுற்றுக்குத் தட்டு ஒரு விரல் அளவு இறங்கும். வியர்வை கழுத்தால் வழிந்தது. என் கை தானாகப் போனது. "விடும். நான் இறங்குவன்," என்றார். கையை இழுத்துக்கொண்டேன். அதைவிடக் கஷ்டமான வேலை எதுவும், வான் தேடத் தொடங்கியதிலிருந்து அந்த எட்டு மாதத்தில் நான் செய்யவில்லை. தட்டு நிலத்தைத் தொட்டதும் பூட்டை எடுத்து, நாற்காலியை உருட்டி, சவுக்கஞ் சருகின் மேல் போய் நின்று மூச்சு வாங்கினார். பிறகு சிரித்தார். அந்தச் சிரிப்பு யாருக்காகவும் சிரித்தது இல்லை.

"அப்பாடா! இருங்கோ, நல்ல மீன் ஒண்டு கொண்டாறன்," என்றார் மேரியக்கா.

"அக்கா, இண்டைக்கு வெள்ளி. நாங்கள் மரக்கறி."

"மீன் வானிலை வந்துபோட்டு மரக்கறியோ? சரி, அப்ப நாளைக்கு!"

பியூசை மாற்றினோம். புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும் சமைத்தார். ஆமாம், அவர்தான். நான் கதவடியில் கால் நீட்டி இருந்து, சவுக்கு மரங்களில் காற்று இரைவதைக் கேட்டேன்.

விடிந்து கண் விழித்தபோது கட்டிலில் பக்கத்து இடம் வெறுமையாக இருந்தது. கதவு திறந்து கிடந்தது. தட்டு கீழே. நாற்காலி இல்லை. செருப்பும் போடாமல் ஓடினேன். கரைக்குப் போகும் கொங்கிறீற் பாதையின் முடிவில், நாலைந்து பேர் ஒரு வலையைச் சுற்றி இருந்தார்கள். நடுவில் ரவி. மடியில் ஈர வலை. கண்ணிகளிலிருந்து மீனை எடுத்துக் கூடைக்குள் போட்டுக்கொண்டிருந்தார். மேரியக்காவின் கணவர் எப்படி எடுப்பது என்று சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார்.

"சொல்லிப்போட்டு வந்திருக்கலாம்தானே?" என்றேன்.

"நீர் நல்ல நித்திரை." கையை உயர்த்திக் காட்டினார். "பாரும், முள்ளுக் குத்திப்போட்டுது."

குத்தின விரலைக் காட்டும்போது அந்த முகத்தில் இருந்த பெருமையை என்னால் எழுத முடியவில்லை. ஆறு வருடமாக இவர் போகும் இடம் எல்லாம் நான் தள்ளிக்கொண்டு போன இடம். அன்றுதான் எனக்குத் தெரியாத ஓர் இடத்துக்கு இவர் தானாகப் போயிருந்தார். மேரியக்கா தந்த ஓரா மீனை வானுக்குள்ளேயே பொரித்தோம். மூன்று கிழமை கஷ்டப்பட்டு விரட்டிய மணம் ஒரே காலையில் திரும்பி வந்தது. ஒருவரும் கவலைப்படவில்லை.

இப்படி ஒரு வான் செய்ய நினைப்பவர்களுக்குச் சில வார்த்தை. வாங்கும்போது பளபளப்பைப் பார்க்காதீர்கள், அடிச்சட்டத்தைப் பாருங்கள். உள்ளமைப்பை மாற்றுவதற்கு முன் அதற்கு என்ன அனுமதி வேண்டும் என்று மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் கேளுங்கள். காப்புறுதிக்காரருக்கும் சொல்லுங்கள். திருத்த வேலை முழுவதற்கும் எங்களுக்கு எட்டரை இலட்சம் வந்தது. ரவியின் கூலியைச் சேர்க்கவில்லை, சேர்த்தால் கட்டாது. கடற்கரைக்குப் போனால் அசையும் உறுப்பு எதையும் மூடி வையுங்கள். நாங்கள் இப்போது தண்டவாளத்துக்குக் கன்வஸ் உறை தைத்திருக்கிறோம். தங்கும் இடத்தில் பக்கத்து வீட்டைக் கேட்டுவிட்டு நில்லுங்கள், குப்பையைத் திரும்பக் கொண்டுவாருங்கள். உங்கள் வீட்டிலும் நடக்க முடியாத ஒருவர் இருந்தால், கைபிடிகளை எங்கே வைப்பது என்பதை அவரையே முடிவெடுக்க விடுங்கள்.

சனிக்கிழமை மதியம் திரும்பினோம். கோப்பாய்ச் சந்தி வந்தது. எங்கள் வீட்டு ஒழுங்கைப் பக்கம் இண்டிகேட்டரைப் போட்டேன்.

"எங்கை திருப்பிறீர்?" என்றார் பின்னால் இருந்து.

"வீட்டை."

"திங்கள் வரைக்கும் உமக்குப் பள்ளிக்கூடம் இல்லைத்தானே? தண்ணி பாதித் தாங்கி கிடக்கு. நேரே விடும், பண்ணைப் பாலத்தைத் தாண்டித் தீவுப் பக்கம் போய்ப் பாப்பம்."

பின்னால் வந்த பேருந்து ஹோன் அடித்தது. இண்டிகேட்டரை நிறுத்தி, நேரே விட்டேன்.