ஒரே அண்டாச் சோறு

சவரியாயியைப் பற்றி எழுத எனக்கு என்ன தகுதி என்று கேட்டால், ஒன்றும் கிடையாது. நான் அந்தத் தோட்டத்துக் கிராணி, ஆபீஸ் குமாஸ்தா, அவ்வளவுதான். மலாக்கா வட்டாரத்தில், நியாலாஸ் பக்கத்து ரப்பர் தோட்டம் அது. காலைப் பெரட்டில் வேலைக்கு வந்தவர்கள் பெயர் எழுதுவதும், துரை சொல்வதைத் தமிழிலும் ஜனங்கள் சொல்வதை இங்கிலீஷிலும் மாற்றிச் சொல்வதும் என் வேலை. தைரியம் அந்த வேலையில் சேராது.

அவள் பால்மரம் வெட்டுகிறவள். விதவை. வேதக்காரி. கூலி வீட்டு வரிசைகளில் கீழே இருந்த பள்ளத்து லயத்தில் மாதா படத்துக்கு விளக்கேற்றி வைத்துக் குடியிருந்தாள்.

அவசரகாலத்தில், 1956-இல், புதுச் சட்டம் வந்தது. காட்டுக்குள் இருந்து வெள்ளைக்கார சர்க்காரோடு சண்டை போடும் கம்யூனிஸ்டுகளுக்கு அரிசி போய்விடக் கூடாதாம். அதனால் வீட்டில் ஒரு பிடி அரிசிகூட யாரும் வைத்துக்கொள்ளக் கூடாது. முள்கம்பி வேலிக்குள் ஒரே அடுப்பில் சமைத்துச் சோறாகத்தான் கொடுக்க வேண்டும். மாதா திருநாளுக்கு நூறு பேருக்குச் சமைத்த கை என்று துரை சவரியாயியைச் சமையலுக்குப் போட்டார்.

போச்சுடா என்று தலையில் கை வைத்தேன். ஜாதியில் தாங்கள் உசத்தி என்று மேட்டு லயத்து ஜனங்கள் பள்ளத்து லயத்துக் குழாயில் தண்ணீர்கூடப் பிடிக்க மாட்டார்கள். இவள் கையால் சோறா? மேட்டு லயத்துக்குப் பெரியவளான முனியாயி நேரே ஆபீசுக்கு வந்துவிட்டாள்.

“கிராணியாரே, அவ ஆக்குனத நாங்க தொடமாட்டோம். ஆள மாத்துங்க. இல்லாட்டி மரவள்ளிக் கெழங்கத் தின்னுட்டுக் கெடக்குறோம்.”

நான் சவரியாயியிடம் போய் நைசாகச் சொன்னேன்: “நீ ஒதுங்கிக்கம்மா. எதுக்கு வம்பு?”

“ஒதுங்குனா அவுங்க ஆக்குவாங்க. எங்க ஜனம் கடைசில எட்ட நின்னு வாங்கும். அதானே?” என்றாள். “காட்டுக்காரன் ஒரு பக்கம், பட்டாளம் ஒரு பக்கம்னு இடிபடுறோம். இதுல நாம வேற ரெண்டா நிக்கணுமாக்கும்! ஆண்டவரு பசிச்ச கூட்டத்தப் பாத்து மனசு உருகினாரு. எந்த லயம்னு ஒருத்தரையும் கேக்கல. எல்லாரையும் ஒண்ணா உக்கார வச்சுச் சோறு போட்டாரு. நான் மட்டும் கேக்கட்டுமா? போங்கய்யா, வேலையப் பாருங்க.”

சுருக்கென்றது எனக்கு. ஏனென்றால் நானும் அவள் சோற்றைத் தொடவில்லை. ரொட்டி வாங்கித் தின்று காலத்தை ஓட்டிக்கொண்டிருந்தேன்.

நான்கு நாள் மேட்டு லயம் கிழங்கைத் தின்றது. அவர்கள் பங்குச் சோறு அப்படியே மிஞ்சியது. அதைக் கொட்டும்போதெல்லாம் சவரியாயி அழுதாள். “ஐயோ, அந்த ராஜம்மா எட்டு மாசப் புள்ளத்தாச்சியாச்சே!” என்று புலம்பினாள். ராஜம்மா முனியாயியின் மருமகள்.

ஐந்தாம் நாள் காலை பட்டாளம் சோதனைக்கு வந்தது. முனியாயி வீட்டுத் தலையணைக்குள் ஒரு பால்டின் அரிசி அகப்பட்டது. மருமகளுக்குக் கஞ்சி வைக்க, சட்டம் வருவதற்கு முன்பே பதுக்கியது. காட்டுக்குக் கொடுக்க வைத்திருக்கிறாள் என்றார் வெள்ளைக்கார ஆபிசர். லாரி தயாராக நின்றது. ஏறினால் சிறைதான். எப்போது திரும்புவாள் என்று யாருக்கும் தெரியாது. மேட்டு லயத்து ஆண்களெல்லாம் தரையைப் பார்த்தார்கள். நானும்தான்.

கையில் கரண்டியோடு சவரியாயி ஓடிவந்தாள்.

“அது அடுப்படி அரிசிங்க! கல்லு பொறுக்க நாந்தான் குடுத்தேன். எலிக்குப் பயந்து தலகாணில வச்சிருக்கு. இந்த அக்கா என்கூட ஆக்குற ஆளு. கிராணியாரே, தொரைகிட்டச் சொல்லுங்க!”

நான் இங்கிலீஷில் மாற்றிச் சொன்னேன். “உண்மையா?” என்று ஆபிசர் என்னையே கேட்டார்.

அடப்பாவி மகளே, என்னை மாட்டிவிட்டாயே! சமையல் ஆள் பட்டியல் என் கையில் இருந்தது. அதில் ஒரே ஒரு பெயர். பொய் என்று தெரிந்தால் நானும் லாரியில்தான். சவரியாயி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் சொல்லிவிடுவேன் என்பதில் அவளுக்குத் துளிச் சந்தேகமும் இல்லை.

“ஆமாம் சார். சமையலுக்கு இரண்டு பேர்” என்றேன்.

“அப்படியானால் போய் வேலையைப் பார்க்கச் சொல்” என்று அவர் அங்கேயே நின்றார்.

அண்டா கொதித்துக்கொண்டிருந்தது. இறக்க இரண்டு பேர் வேண்டும். அதுவரை பள்ளத்து லயத்தில் யாராவது வந்து கைகொடுப்பார்கள். ஒரு காதைச் சவரியாயி துணியால் பிடித்தாள். முனியாயி மெல்ல நடந்துபோய் மறு காதைப் பிடித்தாள். இரண்டு லயமும் பார்க்கக் கஞ்சி வடித்தார்கள். ஆபிசர் லாரியில் ஏறிப் போய்விட்டார். அதற்குப் பிறகு, யாரும் கேட்காமலே, முனியாயி ஒரு பிடி சோற்றை அள்ளி வாயில் போட்டாள். மென்றுகொண்டே அழுதாள்.

“ராஜம்மா, தட்ட எடுத்துக்கிட்டு வாடி!” என்று கத்தினாள்.

சட்டம் இருந்தவரைக்கும் அந்த இருவரும்தான் ஆக்கினார்கள். சொன்ன பொய்க்கு, மலாக்காவிலிருந்து மாதம் ஒருமுறை வரும் சாமியாரிடம் சவரியாயி பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டாளாம். “உங்க பொய்ய நீங்கதான் பாத்துக்கணும்” என்று என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

சோதனை நடந்த அன்று மத்தியானமே நானும் தட்டோடு போனேன். மேட்டு லயமும் பள்ளத்து லயமும் கலந்து வரிசையாக நின்றன. கிராணி என்கிற மிதப்பில் நேரே முன்னால் போய்த் தட்டை நீட்டினேன்.

சவரியாயி கரண்டியால் வரிசையின் கடைசியைக் காட்டினாள். “எல்லாருக்கும்தான் பசி, கிராணியாரே. பின்னால போய் நில்லுங்க.”

போய் நின்றேன்.