படகுக்காரியை வெட்ட விடுவேனா?

வீடியோ கேமுக்குக் கதை எழுதுறவங்களுக்கு எழுதத் தெரிஞ்சா மட்டும் போதாது, எழுதினதை அடுத்தவங்க வெட்டும்போது பல்லைக் கடிச்சிட்டு உக்காரவும் தெரியணும். ஆண்டு விழாவுக்கு நாடகம் எழுதிக் குடுத்து, "நேரமில்ல, சீக்கிரம் முடிங்க"ன்னு பாதியில திரையை இழுத்துட்டாங்களா உங்களுக்கு? அப்ப நீங்க நம்ம கட்சி. வாங்க, பக்கத்துல உக்காருங்க.

எங்க ஆபீஸ் தட்டாஞ்சாவடியில, ஒரு லேத் பட்டறைக்கு மேல் மாடி. வருஷக்கணக்கா ஒரே கேம். ராஜா, மந்திரி, பூதம், தீவுன்னு பெரிய மாயாஜாலக் கதை. விளையாடுறவங்க வீரனா மாறி ஊர் ஊரா போய், ஆளுக்கொரு வேலை முடிச்சுக் குடுக்கணும். ஒவ்வொரு வேலைக்குப் பின்னாலயும் ஒரு கிளைக்கதை. அதை எழுதத்தான் எனக்குச் சம்பளம். தீபாவளிக்குள்ள கேம் வெளிய வந்தே ஆகணும்னு, பணம் போட்ட பெங்களூர்க்காரர் ஒத்தக் கால்ல நின்னாரு. அன்னைக்கு ஆரம்பிச்சுது வெட்டு.

எதை வேணா வெட்டிக்கோங்க, படகுக்காரியை மட்டும் தொட விடமாட்டேன்னு நான் கங்கணம் கட்டிட்டேன். காரணம் இருக்கு. எங்க அத்தை வீட்டுக்காரர் கடலுக்குப் போனவர் திரும்பி வரல. உடம்பும் கிடைக்கல. கல்லறைத் திருநாள் அன்னைக்கு ஊரே அவங்கவங்க கல்லறையில பூ போட்டு மெழுகுவத்தி ஏத்தும். அத்தை மட்டும் கையில மெழுகுவத்தியோட, எங்க வைக்கிறதுன்னு தெரியாம நிக்கும். கடைசியில நடுவுல இருக்கிற பெரிய சிலுவைக்கு அடியில வெச்சிட்டு வந்துடும். என் படகுக்காரி செங்கேணியும் அப்படித்தான், கடலோட போன புருஷனுக்கு விளக்கு வைக்க ஒரு இடம் தேடுறா. வீரன் அவளுக்கு உதவணும். நான் எழுதினதுலயே எனக்குப் பிடிச்சது அது ஒண்ணுதான்.

சாவுக்கு வந்த மந்திரி

வெட்டுறதுன்னா அழிக்கிறது இல்லைங்க. ஒண்ணை உருவினா இன்னொண்ணு சரிஞ்சிடும்னு, ஆளை அங்கேயே நிக்க விட்டுட்டு, அவங்க கதைக்குள்ள போற வழியை மட்டும் அடைச்சிடுவோம். அடைக்கிறது எங்க புரோகிராமர் கவிதா. மந்திரியைக் கொல்லுற சதிக்கதையை முதல்ல அடைச்சா. ஆனா அவரோட சாவு ஊர்வலம் பெரிய கதையில வருதே, அதை யாரும் யோசிக்கல. மறுநாள் விளையாடிப் பார்த்தா, பாடை போகுது, மேளம் அடிக்குது, மந்திரி தன்னோட பாடைக்குப் பின்னாலயே கையைக் கட்டிட்டு நடந்து வர்றாரு. வீரன் கிட்டப் போனதும், "வாங்க, பயணமெல்லாம் சௌக்கியமா?"ங்கிறாரு.

எனக்குச் சிரிப்பு ஒரு பக்கம், கோவம் ஒரு பக்கம். நேரா எங்க முதலாளி முருகவேல் சார்கிட்ட போய், ஒண்ணு சதியைத் திருப்பிக் குடுங்க, இல்ல சாவையும் எடுங்கன்னு நின்னேன். அவர் திரையைக் கொஞ்ச நேரம் உத்துப் பார்த்தாரு. "ஊர்வலத்துல கூட்டம் பத்தலைன்னு நீதானேம்மா சொன்னே, அவரும் கூட நடக்கட்டும் விடு."

ராஜாவோட முனகல்

ராஜாவுக்குக் குரல் குடுத்தவர் தவளக்குப்பம் அந்தோணி அண்ணன். மாதா கோயில் பாடகர் குழுவுல இருக்கிறவர், தொண்டையைத் திறந்தா ஜன்னல் அதிரும். கீழ லேத்தை நிறுத்துற சாப்பாட்டு நேரத்துலதான் எங்களால குரலைப் பதிய முடியும். பாவம், மனுஷன் பசி வயித்தோடவே கர்ஜிச்சாரு. ராஜா தன் மகனைத் தேடுற கதை முழுக்க அவர் குரல்தான். ஒரு நாள் அந்தக் கதையும் போச்சு. மிஞ்சினது, ராஜா அம்பு பட்டு விழும்போது வர்ற ஒரே ஒரு முனகல்.

விஷயத்தைச் சொல்ல நானே போனேன். கோயில் பூரா ராஜான்னு சொல்லி வெச்சிருக்கேனேன்னு தலையில கையை வெச்சிட்டாரு. முனகல் ரொம்ப நல்லா வந்திருக்குண்ணேன்னு உளறிட்டேன். அவர் தலையில இருந்து கையை எடுத்தாரு. "அப்ப அதை இன்னொரு தடவை எடுத்துடலாம்மா, அன்னைக்கு நான் பசியில முனகினேன், அம்பு பட்ட மாதிரி இருக்காது."

ஆட்டுக்கு அடிச்ச யோகம்

பெங்களூர்க்காரரே ஒரு நாள் நேர்ல வந்துட்டாரு. ஒவ்வொரு கதையா போட்டுக் காட்டுறோம். படகுக்காரி முறை வந்துது. அப்போ அவளுக்குக் கடல் பூதம், தூரத்துத் தீவுகள், பெரிய சண்டை எல்லாம் வெச்சிருந்தேன். அவர் உதட்டைப் பிதுக்கினாரு. "ரொம்பச் சோகம், எடுத்துடுங்க." அடுத்தது, இடத்தை நிரப்பறதுக்காக நான் அரைத் தூக்கத்துல எழுதின, காணாமப் போன ஆட்டைத் தேடுற கதை. அதைப் பார்த்து மனுஷன் வாயெல்லாம் பல்லா சிரிக்கிறாரு! ஆடு இருக்கட்டுமாம்.

எனக்கு வந்துதே ஆத்திரம்! சார் கண்ணால ஜாடை காட்டினதை நான் கண்டுக்கவே இல்ல. ஆடு காணாமப் போனா தேடலாம், புருஷன் காணாமப் போனா தேடக் கூடாதா சார்னு நேராவே கேட்டுட்டேன். அவர் கோவப்படல. பொறுமையா சொன்னாரு. "ஆடு கடைசியில கிடைச்சிடும் மேடம்."

புதுசா ஒண்ணும் வேணாம்

அன்னைக்கு வீட்டுக்குப் போய் அழுதேன். மறுநாள் காலையில கவிதா பக்கத்துல நாற்காலியை இழுத்துப் போட்டு உக்காந்துட்டேன். "சொல்லு, எதனால வெட்டுறீங்க?" புதுப் படம் வரையணும், புதுக் குரல் வேணும், புதுத் தீவு கட்டணும்னு அடுக்கினா. சரி, எதுவுமே புதுசா வேணாம்னேன். பூதத்தை நானே தூக்கினேன். தீவுகளை நானே தூக்கினேன். குரலையும் எடுத்துட்டேன். செங்கேணி விளக்கைக் கையில வெச்சிட்டு நிப்பா, "இதை எங்க வைக்கிறது?"ன்னு எழுத்துல ஒரே வரி வரும். வீரன் அவளோட படகுல ஏறி, கடல் நடுவுல ஒரு இடத்தைக் காட்டணும். அவ விளக்கைத் தண்ணியில விடுவா. படகு கரைக்குத் திரும்பிடும். பொற்காசு, பரிசு ஒண்ணும் கிடையாது. படகு, விளக்கு, அலைச் சத்தம் எல்லாம் கேம்ல ஏற்கெனவே இருக்கிறதுதான்.

சார் வேணாம்னாரு. இன்னும் குறைச்சிட்டுப் போனேன். மறுபடி வேணாம்னாரு. டீ குடிக்கப் போனா பின்னாலயே போனேன், வண்டியை எடுத்தா முன்னால நின்னேன். ஆபீஸ் நேரத்துல தொடக் கூடாது, சாப்பாட்டு நேரத்துல என்னவோ பண்ணித் தொலைங்கன்னு கையெடுத்துக் கும்பிட்டாரு. கவிதா ஒரு கையால சோறு சாப்பிட்டுட்டே இன்னொரு கையால முடிச்சுக் குடுத்தா. "நீங்க வெட்டின அளவுக்கு நான்கூட வெட்டியிருக்க மாட்டேன்க்கா."

காரைக்கால் புகார்

கேம் வெளிய வந்துது. புகாரும் குவிஞ்சுது. குதிரை பறக்குது, வாள் காணோம், கதவு திறக்கலன்னு ஒரே கூச்சல். அதையெல்லாம் நான் சத்தமா படிப்பேன், கவிதா சரிபண்ணுவா, சார் எங்க பின்னால நின்னு பெருமூச்சு விடுவாரு. அப்படிப் படிச்சிட்டே வரும்போது, காரைக்கால்ல இருந்து ஒரு அம்மா அனுப்பினது: "படகுக்காரி கதையில் கோளாறு உள்ளது. ஒரு விளக்கு விட்டதுமே படகு கரைக்குத் திரும்பிவிடுகிறது. எங்கள் வீட்டில் போனது இரண்டு பேர். இன்னொன்று விட வழி செய்யவும்."

அதையே இன்னொரு தடவை படிச்சேன். கவிதா கீபோர்டுல இருந்து கையை எடுத்துட்டா. சார் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சிட்டுச் சொன்னாரு. "குதிரை பறந்தா பறக்கட்டும் கவிதா, எத்தனை விளக்கு வேணும்னாலும் விடுற மாதிரி முதல்ல இதைப் பண்ணு."

வெட்டுறதையே தொழிலா வெச்சிருந்த எங்க ஆபீஸ்ல நாங்களா கூடுதலா சேர்த்தது அந்த ஒண்ணுதான், அதுவும் ஆபீஸ் நேரத்துல.