இமையைத் தூக்கி ஒட்டிய நாள்

ஐம்பது தாண்டியதும் என் இமைகள் வேலையை விட்டுவிட்டன. மேல் தோல் தளர்ந்து கண்ணின் மேல் சோம்பலாகத் தொங்க ஆரம்பித்தது. போர்ட் பிளேரில் கப்பல் டிக்கெட் கொடுக்கிறவளுக்கு இதைவிடக் கேடு வேண்டாம். வரிசையில் நிற்கிறவன் என் முகத்துக்கு நேராகவே, "மேடம் சோ ரஹீ ஹை" என்பான். தூங்குகிறேனாம். அவனுக்கு முன்னால் நின்றவர்களுக்கெல்லாம் டிக்கெட் போட்டது யாராம்?

ஆபரேஷன் செய்துகொள்ள ஆசை வந்தது. ஆனால் அதற்குக் கடல் தாண்டி மெயின்லேண்ட் போக வேண்டும், லீவு கேட்க வேண்டும், காரணம் சொல்ல வேண்டும். கணவர் போய்ச் சேர்ந்துவிட்ட பொம்பளை, அழகாக இருக்க ஆசை என்றா சொல்வாள்? "பார்வையை மறைக்குது" என்று எல்லோரிடமும் சொல்லி வைத்தேன். என் மகனிடமும் அதே பொய்தான். நாங்கள் குடியிருக்கும் மரைன் ஹில்லில் மீன்காரி வரைக்கும் கண் எப்படி இருக்கிறது என்று விசாரித்தாள்.

சென்னை டாக்டர் வீடியோ காலில் பார்த்தார். "ஆபரேஷனுக்கு அப்புறம் கொஞ்ச நாள் கண்ணு வறண்டு எரியலாம், சரியா மூடாமப் போகலாம். யோசிச்சுத்தான் செய்யணும். முதல்ல இமையை டேப் போட்டுத் தூக்கி ஒட்டிப் பாருங்க. மேல கூடுதலாத் தெரியுதான்னு சொல்லுங்க" என்றார்.

மறுநாள் காலையில் ஒட்டினேன். சுவர், பல்லி, காலண்டர் எல்லாம் முன்பு தெரிந்த மாதிரியேதான் தெரிந்தன. பிறகு கண்ணாடியைப் பார்த்தேன். அடிப்பாவி, எவ்வளவு நன்றாக இருந்தேன். பிய்க்க மனமில்லாமல் அப்படியே வேலைக்குப் போய்விட்டேன்.

மதியத்துக்குள் கண் காந்தி, தண்ணீர் தாரைதாரையாகக் கொட்டியது. அந்த நேரம் பார்த்து, கட்சால் தீவுக்குப் போக டிக்கெட் கேட்டு ஒரு பெரியவர் வந்தார். கப்பலில் இடமில்லை என்றேன். என் முகத்தைப் பார்த்ததும் மனுஷன் பதறிப்போனார்.

"அழுவாதீங்கம்மா. நான் அடுத்த கப்பல்ல போய்க்கிறேன்."

வரிசை மொத்தமும் கப்சிப். என் சர்வீஸில் டிக்கெட் இல்லை என்று சொல்லித் திட்டு வாங்காத நாள் அது ஒன்றுதான்.

சாயங்காலம் டாக்டர் மறுபடி கூப்பிட்டார். மகன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான்.

"மேல ஏதாவது கூடுதலாத் தெரிஞ்சுதா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். எனக்கே என் பொய் சலித்துவிட்டது.

"இல்ல டாக்டர். ஒண்ணும் மறைக்கல. எரிச்சலும் எப்படி இருக்கும்னு பார்த்துட்டேன். எனக்கு அழகா இருக்கணும், அவ்வளவுதான்."

மகன் என்னைத் திரும்பிப் பார்த்தான். "இந்த வயசுல யாருக்கும்மா காட்டப் போற?"



"உங்கப்பா இருந்தப்ப மட்டும் யாருக்குடா காட்டினேன்? அந்த மனுஷன் கடைசி வரைக்கும் என் மூஞ்சிய நிமிர்ந்து பார்த்ததில்ல. நானாவது பார்க்கிறேன்."

நேரில் எப்போது வரட்டும் என்று டாக்டரிடம் கேட்டேன்.